வாங்கின ஏமாளி

“அந்த மனுஷனை இன்னைக்கே லீக்கை விட்டுத் தூக்குங்க மேடம். இல்லேன்னா நாங்க எல்லாரும் விலகிக்கிறோம்!”

கிடங்கு இன்சார்ஜ் டிபன் பாக்ஸை மூடிய வேகத்தில் மேஜையே ஆடியது.

மேடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடி கம்பெனியில் விற்பனை மேலாளர். மதிய இடைவேளையில் கூடைப்பந்து லீக்கின் தலைவி. ஆன்லைன் விளையாட்டுதான். பந்தைத் தொடவே வேண்டாம். ஆளை வாங்கி, விற்று, சம்பளம் போட்டு, பயிற்சி கொடுத்து டீமை நடத்த வேண்டும். அதற்கே அந்த ஆபீஸில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருந்தது.

“என்ன நடந்துச்சு? நிதானமா சொல்லுங்க.”

“நம்ம ரிசப்ஷன் பொண்ணு புதுசா ஆட வந்திருக்கில்ல? கணக்குப் பிரிவு ஊமைக்கோட்டான் அதுகிட்ட போய், ‘புதுசா ஆடறவங்க முதல்ல சம்பளம் அதிகமா வாங்கற வயசான ஆளை வித்துடணும்’னு அட்வைஸ் பண்ணியிருக்கார். அதுவும் நம்பி, தன் டீம்ல இருந்த வயசான நெட்டையனை ஏலத்துல விட்டிருக்கு. வாங்கினது யாரு தெரியுமா? அட்வைஸ் பண்ணின அதே ஆளு!”

மேடத்துக்குச் சுருக்கென்றது. விற்கச் சொன்னவர் வாங்கக் கூடாது, மீறினால் லீக்கில் இடமில்லை. அந்த விதியை எழுதியதே மேடம்தான்.

“நல்ல விலைதான் மேடம் கிடைச்சுது,” என்றாள் ரிசப்ஷன் பெண். “நான் கேட்டதுக்கு மேலயே கொடுத்தார்.”

“நீ சும்மா இரும்மா, உனக்கு விவரம் பத்தாது. அந்தாளு கணக்குல புலி. லாபமில்லாம வாங்குவாரா?”

“புதுசா வந்தவங்க எல்லாருமா ஏமாந்துடறோம்?” என்று மேடம் சூட்டைத் தணிக்கப் பார்த்தார். “நான் ஒட்டகத்தை வித்த கதை தெரியுமில்ல?”

ஆபீஸுக்கே மனப்பாடமான கதை. இந்தக் கம்பெனிக்கு வருவதற்கு முன்னால், ஆட ஆரம்பித்த புதிதில், இடுப்பு ஒடிந்த ஒரு நெட்டையனை முகம் தெரியாத ஏமாளி ஒருவன் தலையில் யானை விலைக்குக் கட்டினாராம். ஆட்டக்காரனுக்கு மேடம் வைத்திருந்த பெயர் ஒட்டகம். அந்தக் காசில் எழுந்து நின்றதுதான் இன்றைக்குக் கோப்பை மேல் கோப்பையாக வாங்கும் டீம்.

வழக்கமாக எல்லோரும் சிரிப்பார்கள். இன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

“கதை இருக்கட்டும் மேடம். சாயங்காலம் மேட்ச் இருக்கு. அவரா, நாங்களா?”

கணக்காளர் அன்று சாப்பிடக்கூட வரவில்லை. மேடம் நேரே அவர் அறைக்குப் போனார்.

“அந்த நெட்டையனை நீங்கதான் வாங்கினீங்களா சார்?”

“ஆமாங்க மேடம்.”

ஒரு மறுப்பு இல்லை, ஒரு மழுப்பல் இல்லை. அதுதான் மேடத்துக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

“விதி தெரியுமில்ல? நீக்கிட்டா நீங்க கட்டிக் காத்த டீம் போயிடும். அங்க எல்லாரும் உங்களை மோசக்காரர்ங்கறாங்க. பிடிச்சு வெச்ச மாதிரி உட்கார்ந்திருந்தா நான் என்ன பண்றது?”

“உங்களுக்கு எதுக்குச் சங்கடம்? நீக்கிடுங்க.”

சொன்னாரே தவிர, கால்குலேட்டரில் போட்ட கணக்கையே மறுபடி மறுபடி போட்டார்.

மேடம் போனை எடுத்தார். ‘நீக்கு’ பட்டன் வரை போனவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை கணக்காளரின் டீமைத் திறந்து பார்த்தார். வாங்கிய நெட்டையன் களத்தில் இல்லை. மாற்று ஆட்டக்காரர்களிலும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. முழங்கால் போய்விட்டது, இனிமேல் ஆட முடியாது.

“என்ன சார் இது! இவனுக்கா இவ்வளவு கொட்டிக் கொடுத்தீங்க?”

கணக்காளர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இவன் சம்பளமே அந்தப் பொண்ணு கையிருப்பைத் தின்னுடுச்சு. இந்த வாரம் கடன்ல விழுந்தா, கேம் தானாவே அந்தப் பொண்ணோட டீமைக் கலைச்சுடும். புதுசா வர்றவங்களுக்கு அது தெரியாது. இந்த கேம்ல ஒருத்தருக்கு இன்னொருத்தர் காசை சும்மா கொடுக்கவும் வழியில்லை. ஏலத்துல ஒருத்தரும் கேட்கலை. நான் கேட்டேன்.”

“இதை அங்க வந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“அந்தப் பொண்ணு நல்ல விலைக்கு வித்துட்டோம்னு சந்தோஷமா இருக்கு மேடம். பரிதாபப்பட்டு வாங்கினேன்னு தெரிஞ்சா சுருங்கிப் போயிடும். முதல் வியாபாரம் தன்னோட சாமர்த்தியம்னு நினைச்சாதான் தைரியமா ஆடுவாங்க.”

மேடத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை. “நல்ல ஆளு சார் நீங்க. இப்படி வாரிக் கொடுத்தா உங்க டீம் முழுகிடாதா?”

“ஒரு தடவை முழுகியிருக்கு. இது என் ரெண்டாவது டீம். முதல் டீம்ல, இதே மாதிரி தத்தளிச்சிட்டிருந்த புது ஆள்கிட்ட ஒரு நெட்டையனை வாங்கினேன். கொஞ்சம் அகலக்கால்தான். அதுலேருந்து எழுந்திருக்கவே முடியலை.” கணக்காளர் லேசாகச் சிரித்தார். “பேரை மட்டும் வேடிக்கையா வெச்சிருந்தாங்க. ஒட்டகம்னு.”

மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். எத்தனை மதியம் இந்த மனிதரை எதிரில் வைத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்! எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்க, இவர் மட்டும் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அதை… யாருகிட்ட வாங்கினீங்க சார்?”

கணக்காளர் கால்குலேட்டரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“அது எதுக்குங்க மேடம் இப்போ? அவங்க நல்லா ஆடிட்டு இருக்காங்க.”