பனைச் சாத்திரியார்

ஏணியின் மேல்படியில் நின்று, என் மனைவியின் தம்பி இராசநாயகம் பனையின் உச்சி வட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

கீழே ஏணியைப் பிடித்திருந்தது நான். எனக்குப் பின்னால் மனைவி மகாதேவி. வேலிக்கு அப்பால், உரும்பிராயில் அன்று வேறு வேலை இல்லாதவர்கள் எல்லோரும்.

எங்கள் வளவுப் பனை முதல் பாளை தள்ளியிருந்தது. அது ஆணா, பெண்ணா என்பதுதான் விஷயம்.

பூக்கும்வரை பனை அதைச் சொல்லாது. பதினைந்து வருடம் வாயை மூடிக்கொண்டு நிற்கும். பிறகு ஒருநாள் பாளை வரும். விரல் விரலாய்த் தொங்கினால் ஆண், குரும்பை பிடித்தால் பெண்.

அந்தப் பதினைந்து வருடத்தைச் சுருக்கிவிடலாம் என்று நினைத்த மடையன் நான்.

அறுபத்தாறில், கொழும்பில் படித்துவிட்டுக் கணக்கு வாத்தியாராக ஊருக்கு வந்தபோது, என் கையில் பன்மாறிப் புள்ளிவிபரவியலுக்கு ஓர் அறிமுக நூல் இருந்தது. முதல் சில அத்தியாயங்கள் விளங்கியிருந்தன. மிச்சம் விளங்காதவனுக்குத்தான் துணிவு அதிகம்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். ஓர் அளவை வைத்து இரண்டு கூட்டத்தைப் பிரிக்க முடியாவிட்டால், பல அளவுகளைச் சேர்த்துப் பார். ஓலையின் நீளம் தனியே ஒன்றும் சொல்லாது. அகலமும் சொல்லாது. மட்டையின் தடிப்பும் சொல்லாது. எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தி விசாரித்தால் உண்மை வெளியே வரும்.

ஊரில் ஆண், பெண் தெரிந்த பனைகளின் ஓலைகளை விழ விழ ஓடிப்போய் அளந்தேன். ஒரு சூத்திரம் கட்டினேன். அதைக் கொண்டுவந்து வளவில் இரண்டு ஓலை விட்டு நின்ற கன்றின்மேல் போட்டேன். பெரிய ஆட்களின் சட்டை அளவை வைத்து, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை என்ன உத்தியோகம் பார்க்கும் என்று சொல்வதுபோன்ற வேலை அது.

பெண் என்று அறிவித்தேன்.

அப்போது கலியாணமாகிச் சில மாதங்கள்தான். மகாதேவிக்கு என் கணக்கில் பெரிய நம்பிக்கை இருந்தது. மற்ற விஷயங்களில் அப்போதே இல்லை.

ஊர் எனக்குப் பனைச் சாத்திரியார் என்று பெயர் வைத்தது. இராசநாயகம் பந்தயம் பிடித்தான். ஆண்பாளை வந்தால், சனத்துக்கு முன்னால் அந்தப் புத்தகத்தைக் கிழித்து கூம்பு கூம்பாக நான் கடலைச் சரை சுற்ற வேண்டும். பெண்பாளை வந்தால், சாகும்வரை அவன் என்னைச் 'சேர்' என்று கூப்பிட வேண்டும்.

"அத்தான், உந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கோ. நான் கடலை வறுத்துக்கொண்டெல்லோ வந்தனான்" என்றான் மேலிருந்து.

வேலிக்கு அப்பால் சிரித்தார்கள்.

"விசர்க்கதை கதையாமல் வடிவாப் பாத்துச் சொல்லடா" என்றாள் மகாதேவி. அவள் கை என் சட்டையின் முதுகைப் பிடித்திருந்தது. இழுத்த இழுப்பில் மேல் பொத்தான் தெறித்தது.

புத்தகம் என்னுடையது. பயம் முழுக்க அவளுடையது.

மேலே சத்தமில்லை. இராசநாயகம் பேசாமலிருப்பது எங்கள் குடும்பத்தில் எப்போதும் நல்ல செய்திதான்.

"குரும்பை" என்றான் கடைசியில்.

இறங்கி வந்து, மடியில் கிடந்த கடலைப் பொட்டலத்தை என் கையில் வைத்து, பல்லுவலிக்காரன் மாதிரி "சேர்" என்றான்.

வேலி கைதட்டியது. மகாதேவி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"இஞ்சரப்பா, உங்கடை கணக்கு எங்கையேன் பிழைக்குமே? எப்பவும் சரியாத்தானே வரும்?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

பெண் என்று நான் அறிவித்த அடுத்த கிழமை, ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வீட்டுக்கு வந்தேன்.

கன்றடியில் மண் ஈரமாக இருந்தது. அன்று இறைப்பு நாளில்லை.

வளவெல்லாம் அவிழ்த்துக்கொண்டு திரிகிற எங்கள் ஆடு, குசினிக்குப் பின்னால் கட்டையான கயிற்றில் நின்றது.

மகாதேவியின் நகங்களுக்குள் செம்மண்.

ஒரு விசேஷமும் இல்லாத புதன்கிழமையில் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி.

கன்று, காலையில் நான் பார்த்துவிட்டுப் போனதைவிட நாலு விரல் குட்டை.

தனித்தனியே எடுத்தால் இவை ஒன்றையும் நிரூபிக்காது. சேர்த்துப் பார்த்தேன். நான் அளந்த கன்று ஆட்டின் வயிற்றுக்குள் இருந்தது. வேலியோரத்தில் கிழங்கோடு கிண்டி எடுத்த வேறொன்று அதன் இடத்தில் நின்றது.

என் வாழ்க்கையில் அந்தப் புத்தகம் ஒழுங்காக வேலை செய்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. பால்கறிக்கு இரண்டாந்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் அவள் கிணற்றடிக்குப் போன நேரம், புதுக் கன்றையும் அளந்து சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஆண் என்று வந்தது.

ஆக, இவ்வளவு காலமும் கடலைச் சரை சுற்ற நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். புத்தகம் போனால் போகட்டும். 'என்னாலைதான்' என்று இவள் அழப்போகிறாளே, அதற்கு என்ன பொய் சொல்லலாம் என்றுதான் ஏணியடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மகாதேவி இன்னும் பதிலுக்குக் காத்துநின்றாள்.

கடலையில் பாதியை அவள் கையில் கொட்டினேன்.

"பிழைக்காதப்பா" என்றேன்.