சும்மா ஓட்டிப் பார்த்த லேப்டாப்

கண் திறக்கவே கால் மணி நேரம் முக்கும் ஒரு லேப்டாப். ஞாயிறுக்குள் தேறாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவதென்று முடிவுகட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவை அதில் செருகினார் வீட்டுக்காரர்.

“சும்மா ஓட்டிப் பாருங்கண்ணே. பிடிச்சா நிரந்தரமா ஏறிக்கிறேன்” என்றது பென்டிரைவ்.

லேப்டாப் கன்றுக்குட்டியாய்த் துள்ளியது.

“ஏறட்டுமா? உள்ளே இருக்கிற பழசெல்லாம் அழிஞ்சிடும்.”

“ஐயோ! காலாவதியான ஆன்டிவைரஸ் மூணு வருஷமா தினமும் திட்டுது. அது இல்லாம பொழுதே போகாதே! நாளைக்குப் பார்ப்போம் தம்பி.”

தினமும் இதே பதில்தான். ஞாயிறு காலை, தெருவில் பழைய சாமான்காரர் குரல் கேட்டது.

“தம்பி, அழி! எல்லாத்தையும் அழி!”

“சரிங்கண்ணே,” பென்டிரைவ் நிதானமாக ஆரம்பித்தது. “முதல்ல, கடிகாரத்துல எந்த ஊர் நேரம் வைக்கட்டும்?”

“எந்த ஊர் நேரமானாலும் வைடா, நான் இந்த வீட்டிலே இருந்தாப் போதும்!”