ஒரே சிலிண்டர்

"மூச்சை மட்டும் அடக்காதீங்க. பயம் வந்தா என் கையப் புடிச்சுக்குங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான் முருகவேல்.

கிணற்றுப் படியில் முதுகில் சிலிண்டரோடு நின்ற கருப்பண்ணன் தலையாட்டினான். அவனைப் போலவே சிலிண்டர் மாட்டியிருந்த தம்பி வீரமணி ஒரு படி பின்வாங்கினான். கயிறு அறுந்து மோட்டார் கிணற்றுக்குள் போனதிலிருந்து கரும்பு காய்ந்துகொண்டிருந்தது.

"நாம எதுக்குண்ணே? அவரே எறங்கி சங்கிலிய மாட்டிட்டு வரட்டுமே?"

"நம்ம கெணறுடா. வெளியாள எறக்கிட்டு மேல நின்னு வேடிக்கை பாப்பியா? பேசாம வா."

முருகவேலுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் கூட்டிப்போவதுதான் அவன் வேலை. பயந்தாங்கொள்ளிகளைச் சமாளிப்பது அவனுக்குக் கைவந்த கலை. ஆனால் லீவு போட்டுவிட்டு நைனார்பாளையத்துக்கு ஓடி வந்தது மோட்டாருக்காகவா என்ன? வரப்பில் துண்டோடு நிற்கிறாளே, இவர்களுடைய தங்கை மணிமொழி, அவளுக்காக. புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். 'தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு' என்று வீட்டில் சொல்லி அவனை வரவழைத்ததும் அவள்தான்.

"மொதல்ல எங்க அண்ணனுங்க மனசுல எடம் புடி. அப்புறம் பொண்ணு கேளு" என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கே கேட்டுவிடுவது என்று வந்திருந்தான். மனசுக்குள் 'மச்சான்' என்று கூப்பிட்டும் பார்த்துவிட்டான்.

"உள்ள காத்து தீந்துட்டா இன்னா பண்றது?" கருப்பண்ணன் கேட்டான்.

"கழுத்தை அறுக்கற மாதிரி கையக் காட்டுங்க. என் சிலிண்டர்ல ரெண்டாவது வாய்க்குழாய் இருக்குது. என் காத்தையே குடுத்து மேல கூட்டிக்கினு வந்துடுவேன்."

"உன் காத்தையா?"

"அதுக்குத்தானே நான் கூட வரேன்!"

கீழே கும்மிருட்டு. வீரமணி முருகவேலின் தோளை விடவே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் தடவித் தடவி மோட்டாரைக் கண்டுபிடித்துச் சங்கிலியை மாட்டியாயிற்று. அப்போது கருப்பண்ணன் கண் பிதுங்கக் கழுத்தருகே கையை இழுத்தான்.

முருகவேல் பதறவில்லை. தன் இரண்டாவது வாய்க்குழாயைக் கருப்பண்ணன் வாயில் திணித்தான். ஒரு கையில் அண்ணன், ஒரு கையில் தம்பி. நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், இரண்டு பேரையும் மேலே கொண்டுவந்தான்.

கிணற்றைச் சுற்றி வேடிக்கை பார்க்க நின்ற ஊரே கை தட்டியது. டிராக்டர் இழுக்க, மோட்டாரும் பின்னாலேயே வந்து சேர்ந்தது. கேட்க இதைவிட நல்ல நேரம் வருமா?

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

"நீ ஒண்ணும் பேசாத!" கருப்பண்ணன் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டான். "எல்லாரும் கேட்டுக்கங்க! ஒரே சிலிண்டர்ல மூச்சு வுட்டு ரெண்டு பேரும் மேல வந்திருக்கோம். ஒரு வயித்துல பொறந்தா இன்னா, ஒரு சிலிண்டர்ல பொழைச்சா இன்னா? இனிமே இவன் என் கூடப் பொறந்தவன். மணிமொழி, உனக்கு மூணாவது அண்ணன்மா! வந்து அண்ணனுக்குத் துண்டு குடு."

மணிமொழி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, பாசக்காரப் பெண் என்று பக்கத்தில் இருந்தவர்கள் மெச்சினார்கள்.

"இன்னா தம்பி, தங்கச்சி கல்யாணத்த நீதான் முன்னாடி நின்னு நடத்திக் குடுக்கணும்" என்று முதுகில் தட்டிவிட்டுக் கருப்பண்ணன் மோட்டாரைப் பார்க்கப் போனான்.

முருகவேலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை மறைக்கக் குனிந்து சிலிண்டர்களை எடுத்து வைத்தான். பழக்கதோஷத்தில், காற்று எவ்வளவு மிச்சம் என்று மீட்டர்களைப் பார்த்தான்.

வீரமணி சிலிண்டரில் கொஞ்சம்தான் மிச்சம். கருப்பண்ணன் சிலிண்டரில் முக்கால்வாசிக் காற்று அப்படியே இருந்தது.