கல்சுவர் டப்பா

பூக்கடைக்காரம்மா திருடிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவரே ஒப்புக்கொண்டுவிட்டார்.

திருட்டுப் போனது ஒரு பிளாஸ்டிக் டப்பா. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ஒரு தாள்சுருள், ஒரு துண்டுப் பென்சில், ஒரு பொம்மைக் கார்.

இதற்கா இத்தனை அமர்க்களம் என்று கேட்பவர்களுக்கு ஜியோகேச்சிங் தெரியாது என்று அர்த்தம். ஒருவர் டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, இடத்தின் குறிப்பை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் போனும் கையுமாக அலைந்து கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பேரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். எடுத்துக்கொண்டு போவது மகா பாவம்.

டப்பாவின் சொந்தக்காரர் பல் டாக்டர். இந்த விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். விதி என்றால் அவருக்கு உயிர். தளத்தில் புது டப்பாக்களைச் சரிபார்த்து அனுமதி கொடுப்பதும் அவரே. அவருடைய கெடுபிடி தாங்காமல் பாதிப் பேர் வேறொரு தளத்துக்குத் தாவிவிட்டார்கள். அங்கே விதி குறைவு, டப்பா அதிகம். பூக்கடைக்காரம்மா அந்தக் கட்சி.

அன்றிலிருந்து இரண்டு கோஷ்டிக்கும் ஏழாம் பொருத்தம். டாக்டர் இன்னும் ஒரு படி மேலே போய், தாவினவர்கள் அத்தனை பேரையும் போனில் ப்ளாக் செய்துவிட்டார்.

அவருடைய டப்பாக்களிலேயே பேர் போனது, மேட்டுச் சாலையைத் தாங்கி நிற்கும் பழைய கல்சுவரின் பொந்தில் இருந்தது. துருத்திக்கொண்டிருக்கும் கற்களில் கால்வைத்துக் கீழேயிருந்து ஏறித்தான் எடுக்கவேண்டும். மேலே சாலையிலிருந்து கையை விட்டு எடுப்பது அழுகுணி ஆட்டம் என்று தளத்திலேயே எழுதியிருந்தார்.

அந்த டப்பாதான் காணாமல் போனது. புதிதாக ஒன்று வைத்தார். அதுவும் போனது. மூன்றாவது போனபோது, நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் பார்த்துவிட்டார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டது பூக்கடைக்காரம்மா.

மாதாந்தரக் கூட்டம் நூலக மாடியில் நடக்கும். தளம் எதுவானாலும் எல்லாரும் குடும்பம் குட்டியோடு வந்து, கதை பேசி, பிஸ்கட் தின்றுவிட்டுக் கலைவார்கள். அன்றைக்குப் பிஸ்கட் தட்டை யாரும் தொடவில்லை.

டாக்டர் எழுந்தார். சொந்தத் தளத்தை வளர்க்க ஆயிரம் வழி இருக்கும்போது, அடுத்தவர் டப்பாவில் கைவைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். குரலை உயர்த்தாமல், ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்குகிற நிதானத்தோடு பேசினார்.

"டப்பாவை எடுத்தது நீங்கதானே?"

"நான்தான், டாக்டர்."

"மூணையும்?"

"மூணையும்."

"ஏன்னு இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

அந்தம்மா கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முன்வரிசையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தப்புதான். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு, மூன்று டப்பாக்களையும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

அவர் கோஷ்டி ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இனி கூட்டத்துக்கு வரவேண்டாம் என்று முடிவானது. கிளம்பும்போது டாக்டரிடம் வந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தயவுசெய்து டப்பாவைத் திரும்ப அங்கே வைக்காதீர்கள் என்று ஆரம்பித்தார். மேற்கொண்டு கேட்க டாக்டர் நிற்கவில்லை.

எடுத்ததும் எடுத்துவிட்டு யோசனை வேறு சொல்கிறாளே என்று டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே டப்பாவோடு கிளம்பினார்.

எப்போதும் மேலே சாலையில் காரை நிறுத்தி, கைப்பிடிச் சுவரில் கவிழ்ந்து, பொந்துக்குள் கையைவிட்டு வைத்துவிடுவார். விதியெல்லாம் தேடுகிறவர்களுக்குத்தான், வைக்கிறவருக்கு இல்லை என்பது அவர் கட்சி. இன்றைக்கு, ஏறுகிற மாதிரி ஒரு படம் எடுத்துத் தளத்தில் போட்டால் எதிர்கோஷ்டி வாயடைத்துப் போகும் என்று தோன்றியது. போனைப் படமெடுக்க எதிரே நிறுத்திவைத்துவிட்டு, முதல் தடவையாகக் கீழேயிருந்து ஏறினார்.

இரண்டாவது கல் காலோடு வந்துவிட்டது.

புல்தரையில் விழுந்ததால் முதுகு தப்பியது. கணுக்கால் பிசகிவிட்டது. உட்கார்ந்தபடியே அடுத்த கல்லை விரலால் நெம்பிப் பார்த்தார். அதுவும் ஆடியது. பக்கத்துக் கல்லும்தான். எது ஆடுகிறது, எது விழப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை பேரை இதில் ஏறச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார்.

நொண்டிக்கொண்டே பூக்கடைக்குப் போனார். காம்பு நறுக்கிக்கொண்டிருந்த அந்தம்மா அவர் நடையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்றார். போன மழைக்குப் பிறகுதான் கல் ஆட ஆரம்பித்திருக்கிறது. அவருக்கே ஒருமுறை கால் வழுக்கிவிட்டது. டாக்டருக்குச் செய்தி அனுப்பினால் போகவில்லை. கிளினிக்குக்குப் போன் செய்தால், பல் வலியா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் வைத்துவிட்டார்கள்.

"வேற யாராவது ஏறி விழுறதுக்குள்ள எடுத்துடலாம்னு எடுத்தேன். நீங்க புதுசு வெச்சுக்கிட்டே இருந்தீங்க. நானும் எடுத்துக்கிட்டே இருந்தேன்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கூட்டத்துல அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம். திருடின்னு பேர் வாங்கிட்டுப் போகணுமா?"

அந்தம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன், டாக்டர். உங்க பொண்ணு முன்வரிசையில உக்காந்துக்கிட்டு, பக்கத்துப் பிள்ளைகிட்ட 'அதோ பேசறாரே, அவர்தான் எங்கப்பா'ன்னு காட்டிக்கிட்டிருந்தா."