தையல் மெஷினின் எடை

கடலில் மிதக்கும் எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவுதான் எடை என்று விதி. பிள்ளை வளர வளர, கூடிய எடைக்கு வீட்டுச் சாமானைக் கரைக்கு அனுப்பிவிட வேண்டும். மகள் ஷெரின் தவழ ஆரம்பித்தபோது கிரைண்டர் போனது. நடக்க ஆரம்பித்தபோது, நானும் என் கணவரும் ஒட்டி உட்காரும் மரப் பெஞ்சு போனது. அது கிடந்த இடத்தில் தரை இன்னும் நிறம் மங்காமல் இருக்கிறது.

இன்று காலை ஷெரின் சோற்றை வாங்க மறுத்தாள்.

"நான் சாப்ட்டா அடுத்து உன் தையல் மெஷினும் போயிருமாம்மா. அப்பா சொன்னாவ."

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு டப்பா சில நாளாக அப்படியே திரும்பி வந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அந்த மெஷின் ஓடும் சத்தத்தில்தான் தூங்குவாள்.

அவளை மடியில் இழுத்துக்கொண்டேன்.

"எதுவும் எங்கயும் போகலட்டி. கிரைண்டரு இந்தா, இந்தக் காலுல இருக்கு. பெஞ்சு இந்த முதுகுல இருக்கு."

"அப்ப மெஷினு?"

"இந்தச் சோத்து உருண்டையில."

யோசித்துவிட்டு வாயைத் திறந்தாள். வாய் நிறையச் சோற்றோடு, எனக்குக் கேட்கட்டும் என்று, டகடகவென மெஷின் ஓட்டினாள்.