மயில் கோப்பு

அச்சகத்துக் கணினிக்கு ஒரு மயில் கோப்பு வந்தது. மயிலைக் காலிலிருந்து கொண்டைவரை எப்படி வரைய வேண்டும் என்று அதில் நூறு வரிகள் இருந்தன. நாற்பதாவது வரி வரும் வழியில் சிதைந்துபோயிருந்தது.

படம் காட்டும் பழைய செயலி, "நாற்பதாவது வரியில பிழை இருக்கு. சரிபண்ணிட்டு வா, திறக்கிறேன்" என்றது.

"மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுறீங்களே" என்று கோபித்துக்கொண்டு கோப்பு புதிய செயலியிடம் போனது. அது ஒரு வார்த்தை பேசாமல் முப்பத்தொன்பது வரிகளை வரைந்து காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டது.

"இவருக்குத்தான் தன்மையா நடந்துக்கத் தெரியுது" என்றது கோப்பு.

அச்சகக்காரர் திரையைப் பார்த்தார். "பார்ட்டி கேட்ட டிசைன் இதுதான் போல" என்று அச்சுக்கு அனுப்பினார்.

ஐந்நூறு கல்யாணப் பத்திரிகைகளிலும் மணமக்கள் பெயருக்கு மேலே மயிலின் இரண்டு கால்கள் மட்டும் நின்றன.