முதல் உதை

பழைய ஆட்டக்காரர் ஒருமுறை பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைப்பதும், கைதட்டலோடு வெளியேறிவிடுவதும் இந்த ஊர் கிளப்பின் வழக்கம். ரோஹிர் உதைத்துவிட்டார். வெளியேறவில்லை. பெல்ஜியத்துக்காகத் தலையாலேயே கோல் கோலாகப் போட்டவர், கோட்டும் தோல் காலணியுமாக எதிரணிக் கோலுக்கு முன்னால் போய் நிற்கிறார். தூறல் அவர் வழுக்கையில் விழுந்து புருவத்தில் வழிகிறது. அந்தத் தலைக்குள் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்பது டாக்டருக்கும் மனைவி மார்லீனுக்கும்தான் தெரியும். கைதட்டல் தேய்ந்து அடங்குகிறது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருக்கிறார். இருபத்திரண்டு பேரும் தரையைப் பார்க்கிறார்கள். உருளைக்கிழங்கு வறுபடும் வாசனை மட்டும் மைதானத்தைக் கடந்து போகிறது. மார்லீன் சேற்றில் கால் புதையப் புதைய நடந்துவந்து அவர் கையைப் பிடிக்கிறாள்.

“வா, போலாம்.”

“சும்மா இரு. கார்னர்லேருந்து பந்து வரப்போகுது.” அவர் கழுத்து விறைத்து நிற்கிறது.

“ஆட்டம் முடிஞ்சுபோச்சு ரோஹிர். ஜெயிச்சுட்டோம்.”

“யாரு அடிச்சா?”

“நீதான்.”

அவர் திரும்பி, அசையாமல் நிற்கிறவர்களை ஒவ்வொரு முகமாக நிதானமாகப் பார்க்கிறார்.

“அப்புறம் ஏன் ஒருத்தனும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்கல?”